ஷட்டருக்குள் யாருமில்லை

எண்பதுகளில், இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கிய நாள். கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வந்து அந்தக் கடையில் இரண்டு தீபாவளி பார்த்தாயிற்று. ஆனாலும் ஆள் பதிவேட்டில் என் பெயர் இல்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவனைக் காரணம் இல்லாமல், முன்கூட்டிச் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று கடைச் சட்டம் இருக்கிறதாம். “சட்டத்துக்கு நீ இன்னும் பொறக்கவே இல்லடா” என்பார் முதலாளி. தொழிலாளர் ஆய்வாளர் வந்தால் நான் பரணில் ஏறிவிட வேண்டும். மாட்டிக்கொண்டால், நேற்றுதான் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். கடையில் எனக்குக் கொடுத்த ஒரே பயிற்சி அதுதான்.

அன்று காலை ஆய்வாளர் வந்தார். வேட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் போய்ப் படுத்தேன். பயந்தவனுக்குத் தூக்கம் வராது என்பார்கள். எனக்கு வந்துவிட்டது.

விழித்தபோது ஒரே இருட்டு. பரணிலிருந்து இறங்கித் தடவிப் பார்த்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது, வெளியே பூட்டு. தெருவில் கோஷம். சாலையை மறிக்க எங்கோ மரத்தை வெட்டிச் சாய்க்கும் சத்தம். போராட்டம் ஊருக்குள் வந்துவிட்டது என்றதும் எல்லாரும் பூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிறக்காதவனை யார் நினைப்பார்கள்? அப்புறம் டயர் கருகும் நாற்றம் ஷட்டருக்கு அடியில் நுழைந்தது. கடை முழுக்கத் துணி. ஒரு பொறி போதும். கத்தலாம் என்றால் கூட்டத்தை நினைத்தும் பயம்.

யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். “உள்ள யாருப்பா?”

ஆய்வாளரின் குரல். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். வெந்து செத்தாலும் வேலை போகக் கூடாது. அப்படி ஒரு புத்தி.

“எல்லாரும் செருப்ப மாட்டிக்கினு போய்ட்டாங்க. வாசல்ல இந்த ஒரு ஜோடி மட்டும் கெடக்குது. பஸ்சு இல்லாம நானும் இங்கியேதான் கெடக்கறேன். பதில் சொல்லுப்பா.”

புகை தொண்டையில் இறங்கியது. இருமிவிட்டேன்.

“ஏங்க, கோடாலி வச்சிருக்கறவரே, உள்ள ஆளு மாட்டிக்கினு இருக்கான். செத்த இப்டி வாங்க” என்று அவர் கூப்பிடுவது கேட்டது. கோடாலி என்றதும் பின்வாங்கி மூலையில் சுருண்டுகொண்டேன். நாலைந்து அடியில் பூட்டு தெறித்தது. யாருக்கு நடுங்கினேனோ, அந்தக் கூட்டத்து ஆள்தான் ஷட்டரைத் தூக்கினார். “இன்னாய்யா, பொணமாட்டம் கெடக்கற?” என்று வெளியே இழுத்துவிட்டு, கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆய்வாளர் தண்ணீர் கொடுத்தார். “எவ்ளோ நாளா இங்க வேல பாக்கற?”

உயிரைக் காப்பாற்றியவருக்கு நான் சொன்ன பதில் என்ன தெரியுமா?

“நேத்துதான் சேந்தேன் சார்.”

அவர் என் செருப்பின் தேய்ந்த குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும், சம்பளம் பேசுவதற்கு முன்பே, என் பெயரை எழுதிவிட்டீர்களா என்றுதான் கேட்கிறேன். ஷட்டரை இறக்குகிறவர் ஒரு தரமாவது ஆளை எண்ணிப் பார்க்கட்டுமே.