உரம் போடாத பாத்தி

முதுகுளத்தூர் பக்கம் ஒரு மிளகாய் வயலில், பூமியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு, உரம் போட்ட மண்ணிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று மூன்று வருடம் அளந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாத்திக்கு மட்டும் யூரியா போட வேண்டாம் என்று வயலின் சொந்தக்காரர் பாண்டியம்மாளிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தப் பாத்தியிலும் வாயு கூடிக்கொண்டே போனது. வெயில் ஏறுவதுதான் காரணம் என்று கட்டுரை எழுதி அனுப்பியும்விட்டேன். மனசு மட்டும் அடங்கவில்லை. திரும்பப் போய் அவரிடமே கேட்டேன்.

"அது மட்டும் பட்டினி கெடந்துச்சு சார், பாக்கப் பொறுக்கல. வருசா வருசம் நம்ம ஆடுகள ராத்திரில எருவுக்காக அதுலதான் கிடை போட்டேன். யூரியாதான போடக்கூடாதுன்னீக?"

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மூன்று வருடமும், செருப்பில் ஒட்டிய ஆட்டுப் புழுக்கையைத் தட்டிவிட்டுத்தானே அந்தப் பாத்தியில் கருவியைப் பொருத்தினேன்.