பழனியம்மாள் பிரித்த மூலை

செவ்வாய்க்கிழமை பள்ளியில் மதிய மணி அடித்த நேரத்தில், பழனியம்மாளோடு கட்டட வேலைக்குப் போகும் செல்வி போன் செய்தாள். "டீச்சர், நம்ம மேஸ்திரி போயிட்டாங்க" என்றாள். எங்கள் மலையில், இந்த அரியூர் நாட்டு ஊர்களில், மேஸ்திரி என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அது பழனியம்மாள்தான். வேலைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மலையிறங்கி சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

அவரை நினைத்து இன்று இங்கே கூடியிருக்கும், அவரோடு கல் தூக்கிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் என் வீட்டு மூலையில் நடந்ததை எல்லோரும் முழுதாகக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் வீடு கட்டத் தொடங்கினோம். சரிவான நிலம். வீட்டைத் தாங்கும் கடைக்கால் வேலையை ஒரு பெண்ணிடம் விடுவதா என்று என் கணவர் தயங்கினார். பழனியம்மாள் வேலையில் இறங்கினார். புதரை வெட்டி, மேல்மண்ணை வழித்து, நான்கு மூலைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டினார். பிறகு டேப்பை என் கணவர் கையில் கொடுத்து, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்க்கச் சொன்னார். இரண்டு அளவுக்கும் ஒரு விரல்கூட வித்தியாசமில்லை. "சரிங்க மேஸ்திரி" என்றார் என் கணவர். அதன்பிறகு அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

கருங்கல் இரண்டு வரிசை ஏறியிருந்தது. மழை பெய்து ஓய்ந்து மூன்று நாளாகியும் கீழ்மூலையில் மட்டும் ஈரம் வற்றவில்லை. பழனியம்மாள் ஓரத்தில் கடப்பாரையை இறக்கினார். கை அழுத்தத்துக்கே உள்ளே போயிற்று. எங்களைக் கூப்பிட்டார்.

"நான் தப்பாப் பாத்துட்டேனுங்க. எப்பவோ பள்ளத்தை ரொப்பின மண்ணுங்க இது. போட்ட கல்லைப் பிரிக்கோணும்."

எனக்குக் கோபம் வந்தது. நிலை வைக்க நாள் குறித்து உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. "மண்ணுக்குள்ள இருக்கறதை யாருங்க பாக்கப் போறாங்க?" என்றேன்.

"யாரும் பாக்க மாட்டாங்க டீச்சர். நான் பாத்துட்டேனுங்களே."

அவ்வளவுதான் பேச்சு. செல்வியும் அவருமாகக் கல்லைப் பிரித்துத் தோண்டினார்கள். நான்காம் நாள் ஆள் உயரத்துக்கும் கீழே பாறை தட்டுப்பட்டது. "வந்துருச்சுங்க!" என்று குழிக்குள்ளிருந்து அவர் போட்ட சத்தத்தில், ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடி வந்தார்கள். குறித்த நாள் தவறிப்போனது. உறவுக்காரர்கள் நாலு வார்த்தை பேசினார்கள்.

குடிபோன ஐப்பசியில் விடாத மழை. எங்களுக்கு மேற்கே மண் சரிந்து ரோட்டை மூடியது. மறுநாள் காலை, தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு பழனியம்மாள் நடந்தே வந்துவிட்டார். வீட்டைச் சுற்றி வந்தார். சுவரில் ஒரு கீறல் இல்லை. "நல்லா இருக்குதுங்க, நான் வாரேன்" என்றார். காப்பிக்குக்கூட நிற்கவில்லை. அந்த முகத்தில் இருந்த பெருமிதம் இன்று எனக்கும் இருக்கிறது, அவர் கட்டிய கடைக்கால் மேல் வாழ்கிறவள் என்று.

இருபது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் தவறினால், பிள்ளைகள் கவனிக்குமுன் அழித்துவிடுவது என் வழக்கம். இப்போது அழிப்பதில்லை. அவரை அடக்கம் செய்த மறுநாளும் ஒரு கணக்கில் தவறினேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "டீச்சர் தப்பாப் போட்டுட்டேன் கண்ணுகளா. முதல்லேருந்து போடலாம்."