அம்மாவோட செக்கிங் டேபிள் பள்ளிக்கூடம்

போன ஞாயித்துக்கிழமை மகளுக்கு ஒரு டீ-ஷர்ட் வாங்கிட்டு வந்தேன். போட்ட அஞ்சாவது நிமிசம், "கழுத்துல குத்துது"ன்னு கழட்டி வீசிட்டா. உள்ளே தைச்சிருந்த லேபிள்தான் காரணம். வெட்டி எடுக்கலாம்னு கத்திரிக்கோலோட உக்காந்தவ, வெட்டாம அதை வாசிக்க ஆரம்பிச்சுட்டேன். பச்சைத் தண்ணியில துவை, ப்ளீச் போடாதே, முறுக்கிப் பிழியாதே, நிழல்ல காயப்போடு. ஏழெட்டு மொழியில எழுதியிருந்துச்சு. "லேபிளைப் போய் யாராச்சும் படிப்பாங்களாம்மா?"ன்னு மக சிரிச்சா. அவளுக்கென்ன தெரியும், அவ அம்மா இங்கிலீஷ் கத்துக்கிட்டதே அதுலதான்.

நெசமாத்தாங்க. நானும் என் தங்கச்சி சுகந்தியும் மூணு வருசம் பள்ளிக்கூடத்துக்கே போகாம வீட்டுல படிச்சவங்க. இப்ப அதுக்கு ஹோம் ஸ்கூலிங்னு ஒரு கௌரவமான பேரு வந்துருச்சு. ரெண்டாயிரம் பொறந்து நாலஞ்சு வருசம் ஆகியிருந்த அந்தத் திருப்பூர்ல அதுக்கு ஒரே பேருதான்: "புள்ளைங்களைப் படிக்க வைக்காம ஊட்டுல போட்டு வச்சிருக்காங்க."

அம்மா கணக்கு டீச்சர். அவங்க வேலை பார்த்த தனியார் பள்ளிக்கூடத்துலயேதான் நாங்களும் படிச்சோம். சுகந்தி ரெண்டாங்கிளாஸ்ல ஓயாம கேள்வி கேக்கறான்னு, அவ கிளாஸ் மிஸ் ஒரு நாள் அவ வாயில பிளாஸ்திரி ஒட்டி மத்தியானம் வரைக்கும் உக்கார வச்சுட்டாங்க. சாப்பாட்டு மணிக்கு வந்த அம்மா அதைப் பார்த்துட்டாங்க. பிளாஸ்திரியைப் பிச்சாங்க, எங்க ரெண்டு பேரையும் ஆளுக்கொரு கையில புடிச்சாங்க, விறுவிறுன்னு வெயில்ல நடந்து வீட்டுக்கு வந்துட்டாங்க. அதோட அவங்க வேலையும் போச்சு, எங்க படிப்பும் போச்சுன்னு சொந்தபந்தமெல்லாம் பேசினாங்க. "படிப்பு எங்கயும் போகாது, எங்கூட்டுலயேதான் இருக்கும்"னு அம்மா சொல்லிட்டாங்க.

வீடுன்னா பெரிய வீடு இல்லைங்க. அப்பா ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே, பின்பக்கம், முதலாளி குடுத்திருந்த ரெண்டு ரூம். காலையில அங்கே தமிழும் கணக்கும். மத்தியானத்துக்கு மேல அம்மா கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போவாங்க, நாங்களும் நோட்டைத் தூக்கிட்டுப் பின்னாடியே போவோம். தைச்சு வந்த பீஸை நீளமான டேபிள்ல விரிச்சு, டியூப்லைட் வெளிச்சத்துல ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்க்கற இடம். டேபிளோட கடைசி மூலை எங்க வகுப்பு. பக்கத்துல அயர்ன் டேபிள். ஆவி பட்ட பருத்தித் துணிக்கு ஒரு வாசம் உண்டு, சோறு வடிக்கிற வாசத்துக்குக் கிட்டத்துச் சொந்தம் அது. இன்னிக்கும் அந்த வாசம் வந்தா எனக்குப் பசிக்கும், கூடவே பின்னம் ஞாபகம் வரும்.

பின்னம் கத்துக்கிட்டது அளவு சார்ட்டுல. மார்பு அகலம் பதினெட்டரை, கூடக் குறைய அரை இஞ்சு இருக்கலாம்னு போட்டிருக்கும். "அப்போ பதினேழே முக்கால் பாஸா, பெயிலா?"ன்னு அம்மா கேப்பாங்க. துணியை வட்டமா வெட்டறதுக்கு ஒரு கட்டர் உண்டு. அந்த வட்டத்தைக் குட்டித் தராசுல நிறுத்து நூறால பெருக்கினா ஒரு சதுர மீட்டர் துணியோட எடை வந்துரும். கம்பெனியில எல்லாரும் பெருக்குவாங்க. ஏன் நூறுன்னு கேட்டது சுகந்தி மட்டும்தான். அந்த ஒரு கேள்விக்கு அம்மா ஒரு வாரம் பாடம் நடத்தினாங்க. பூகோளம் அட்டைப்பெட்டி மேல இருந்துச்சு. ராட்டர்டாம், ஹாம்பர்க்னு அச்சடிச்ச பேரை மேப்புல தேடி வட்டம் போடணும். "அந்த ஊர்க்காரங்களுக்கு வேர்க்குமாம்மா? வேர்க்காட்டி எதுக்கு பனியன்?"னு சுகந்தி கேட்டா. செக்கிங்ல இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திட்டு யோசிச்சாங்க.

அவ வாய் அப்படி. லேபிள் இங்கிலீஷை வாழ்க்கைக்கே கொண்டு வந்துட்டா. அம்மா காதைத் திருகினா, "டூ நாட் ட்விஸ்ட்!"னு கத்துவா. குளிக்கக் கூப்பிட்டா, "ட்ரை க்ளீன் ஒன்லி"ம்பா. விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து எங்க டேபிள்ல வேலை பார்த்த ராசாத்தியக்கா விழுந்து விழுந்து சிரிக்கும். "ஏ டீச்சர், இவ வாய்க்கு ஒரு ஜிப்பு வச்சுத் தைங்க, இல்லைன்னா கப்பல் ஏறி அங்கயும் போய்ப் பேசுவா"ன்னு சொல்லும்.

இவ்வளவு இருந்தும் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. சரக்குல நாங்க கை வைக்கக் கூடாது. ஒரு நூல் பிசிரைக்கூட வெட்டக் கூடாது. "இங்க நீங்க படிக்க வந்திருக்கீங்க கண்ணு, வேலைக்கில்லை." வேணும்னா ரிஜெக்ட் ஆன பீஸ்ல பொம்மைக்குச் சட்டை வெட்டிக்கலாம், அவ்வளவுதான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க.

சுகந்திக்கு அது சொர்க்கம். எனக்கு இல்லை. தினம் காலையில கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஸ்கூல் வேன் வந்து நிக்கும். ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், கழுத்துல அடையாள அட்டைன்னு என் வயசுப் புள்ளைங்க ஏறுவாங்க. பரீட்சை சமயத்துல அவங்க படியில நின்னுக்கிட்டே புத்தகத்தைப் பார்த்து முணுமுணுக்கறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். பரீட்சைக்குப் பயப்பட ஆசைப்பட்ட ஒரே பிள்ளை திருப்பூர்லயே நானாத்தான் இருந்திருப்பேன். ஒரு சீர் விசேசத்துல ஒரு அத்தை, ஒறம்பரைச் சொந்தக்காரங்க அத்தனை பேருக்கு முன்னாடி, "ஏனுங் அம்முணி, நீங்க எத்தனாவதுங்கோ?"ன்னு கேட்டுட்டு வாயைப் பொத்திச் சிரிச்சாங்க. அன்னிக்கு வந்து அம்மாகிட்ட அழுதேன். "எட்டாவது தனித்தேர்வா எழுதலாம் சாமி, பொறு"ன்னாங்க. நான் பொறுக்கலை. தினமும் நச்சரிச்சேன்.

இந்த இடத்துல ஆடிட்டைப் பத்திச் சொல்லணும். வெளிநாட்டுல சரக்கு வாங்கறவங்க, கம்பெனி ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க ஆள் அனுப்புவாங்க. அன்னிக்குக் கம்பெனி கல்யாண வீடு மாதிரி ஆயிரும். தீயணைக்கற வாளியில மணல் ரொம்பும், மருந்துப் பெட்டியில திடீர்னு மருந்து இருக்கும், கட்டிங்ல அப்பா கையில கம்பி கிளவுஸ் ஏறும். முக்கியமா, காம்பவுண்டுக்குள்ள சின்னப் புள்ளைங்க கண்ணுல படக் கூடாது. அதனால ஆடிட்னா அம்மா எங்களைக் கூட்டிக்கிட்டு அவிநாசிக் கோயிலுக்கு பஸ் ஏறிருவாங்க. எங்க ஸ்கூலுக்கு அதுதான் டூர்.

அந்தத் தடவை வியாழக்கிழமைன்னு சொல்லிட்டு செவ்வாய்க்கிழமையே வந்துட்டாங்க. அம்மா ஊட்டுல இல்லை. என் நச்சரிப்புத் தாங்காம, தனித்தேர்வைப் பத்தி விசாரிக்க டவுனுக்குப் போயிருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் செக்கிங் டேபிள் மூலையில நோட்டோட உக்காந்திருந்தோம்.

வந்தவங்க சென்னைக்கார மேடம் ஒருத்தங்க. காட்டன் சேலை, மெதுவான பேச்சு. சுகந்தியைப் பார்த்து, "எந்த ஸ்கூல் பாப்பா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், மடை திறந்துருச்சு. "எங்கம்மாதானுங்க எங்க ஸ்கூலு"ன்னு ஆரம்பிச்சு, நூறு ஏன் வருது, ராட்டர்டாம் எங்க இருக்குன்னு பத்து நிமிசம் பேசினா. கம்பெனியே வேர்த்து விறுவிறுத்துப் பார்த்துட்டு நின்னுச்சு. அத்தனையும் உண்மை, அத்தனையும் நல்லது. மேடம் சிரிச்சாங்க. அவங்க அப்பவே நம்பிட்டாங்கன்னுதான் நினைக்கறேன்.

நான் நைசா எந்திரிச்சு பின்பக்கக் குழாய்க்குப் போயிட்டேன். கொஞ்ச நேரத்துல அவங்க தனியா அங்க வந்தாங்க. "நீ இங்க என்னம்மா பண்றே?"

எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. ராசாத்தியக்கா ஒரு கதை சொல்லியிருந்துச்சு. வேற ஒரு கம்பெனியில ஆடிட்ல ஒரு புள்ளை மாட்டிக்கிச்சாம், உடனே ஆபீசருங்க வந்து அதை ஸ்கூல்ல சேர்த்து யூனிபார்மெல்லாம் குடுத்தாங்களாம். கதையில எனக்குக் காதுல விழுந்தது யூனிபார்ம் மட்டும்தான்.

"பிசிர் வெட்டுவேனுங்க. ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேங்கறாங்க."

"தினமுமா?"

"தினமுங்க."

மேடத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. என் தலையைத் தடவிக் குடுத்தாங்க. எனக்கு அது புடிச்சிருந்துச்சு, அதையும் ஒளிக்காம சொல்லிடறேன்.

பத்து நாள்ல எல்லாம் முடிஞ்சுது. அந்த ஆர்டர் போயிருச்சு. விசாரிக்க ரெண்டு ஆபீசருங்க வந்தாங்க. அம்மா மூணு வருச நோட்டையும் மார்போட அணைச்சு எடுத்துட்டு வந்து, "பாருங்க சார், தேதி போட்டுப் பாடம் எடுத்திருக்கேன். புள்ளைங்களை நான் ஒரு பீஸ் தொட விட்டதில்லைங்க"ன்னு நீட்டினாங்க. அவங்க புரட்டிக்கூடப் பார்க்கலை. இனிமே புள்ளைங்களை வேலைக்கு விட மாட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க. கணக்கு டீச்சர் என் அம்மா, செய்யாத தப்பை இனிமே செய்ய மாட்டேன்னு கையெழுத்துப் போட்டாங்க. முதலாளி தங்கமான மனுசன். "மாஸ்டர், உங்க மேல கோவமில்லைங்க. ஆனா இனி நீங்க இங்கிருந்தா எனக்கு ஆர்டர் வராதுங்க"ன்னு சொன்னாரு. செக்கிங் டேபிள் கொஞ்ச நாள் சும்மா கெடந்துச்சு. ராசாத்தியக்கா ஊருக்கே திரும்பிப் போயிருச்சு.

மேடம்கிட்டப் பேசினது யாருன்னு ஒருத்தரும் கேக்கவேயில்லை. அதான் கம்பெனியே பார்த்துச்சே. முதலிபாளையத்துப் பக்கம் வாடகை வீட்டுக்கு நாங்க சாமான் கட்டினப்ப, அம்மா சுகந்தியை மடியில உக்கார வச்சு, "பரவாயில்லை கண்ணு. நீ வேணும்னு சொல்லலை, அம்மாவுக்குத் தெரியும்"னாங்க. சுகந்தி, "நான் அப்படிச் சொல்லலையேம்மா"ன்னா. அம்மா அவ தலையில முத்தம் குடுத்தாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்திரத்தைச் சாக்குல போட்டுக்கிட்டிருந்தேன்.

அதுகூடப் பெரிசில்லைங்க, பயத்துல வாயடைச்சுப் போச்சுன்னு வச்சுக்கலாம். ரெண்டு நாள் கழிச்சு அவ என்கிட்ட வந்தா. "அக்கா, நான் அப்படி ஏதாச்சும் சொன்னேனா?" அப்பவாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீதானேடி பேசிக்கிட்டே இருந்தே. உனக்கே ஞாபகமில்லையா?" அவ ரொம்ப நேரம் யோசிச்சா. அப்புறம், "சொல்லியிருப்பேன்"னு தலையாட்டிட்டா. பாவி நான், அதைக் கேட்டு எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

எனக்கு யூனிபார்ம் வந்துச்சு, சிவப்பு ரிப்பன் வந்துச்சு. வேன்ல சன்னலோரம் உக்காந்து போனேன், சந்தோசமாத்தான் போனேன். பக்கத்து சீட்டுல சுகந்தி உக்காந்து வருவா. முதல் ரேங்க் கார்டுல அவ கிளாஸ் மிஸ் எழுதியிருந்தது எனக்கு இன்னும் மனப்பாடம்: "மிக அமைதியான மாணவி." அம்மா அதை ரெண்டு தடவை வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. அதுக்கப்புறம் அம்மா யாருக்கும் பாடம் எடுக்கலை. பக்கத்து வீட்டுப் பையன் கணக்கைத் தூக்கிட்டு வந்தாக்கூட, "எல்லாம் மறந்து போச்சு சாமி"ம்பாங்க. ஒரு கம்பெனியில பேக்கிங்குக்குப் போயி, அப்படியே வயசாயிருச்சு.

அந்தக் காம்பவுண்டு இப்ப மண்டபமாயிருச்சு. கட்டிங் இருந்த இடத்துல கார் நிறுத்தறாங்க. மூணு வருச நோட்டு என்னாச்சுன்னு எனக்குத் தெரியலை, கேக்கற தைரியமும் வந்ததில்லை. சுகந்தி ஒரு லேப்ல வேலை பார்க்கறா. கேட்டதுக்குப் பதில் சொல்லுவா, அவ்வளவுதான். அவளா ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டு எத்தனையோ வருசமாச்சு. அவகிட்டச் சொல்ல வேண்டியதை முகம் தெரியாத உங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன் பாருங்க, இதுவும் கோழைத்தனம்தான்.

அம்மா போய் மூணு வருசமாகுது. காரியம் முடிஞ்சு ஒறம்பரையெல்லாம் கிளம்பினதுக்கப்புறம், நாங்க ரெண்டு பேரு மட்டும் அம்மாவோட சேலைகளை மடிச்சுக்கிட்டிருந்தோம். சுகந்தி திடீர்னு, "அம்மா நல்லா இருந்திருப்பாங்க அக்கா. என் வாயாலதான் எல்லாம் போச்சு"ன்னு உடைஞ்சு அழுதா. சொல்லிடு, இப்பவே சொல்லிடுன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. நான் அவளைப் புடிச்சு இழுத்து, முதுகைத் தடவி, "விடுடி, அப்ப நீ சின்னப் புள்ளை"ன்னேன்.

"நீ ஒருத்தியாவது என்னைத் தப்பா நினைக்காம இருக்கியே அக்கா"ன்னு அவ என் தோள்ல சாஞ்சுக்கிட்டா.