பால் கொட்டகையில் ஆடியவள்

அப்போது பத்து பெரண்டாம் என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் எனக்குப் பால் எடுக்க மரம் வெட்டுகிற வேலை. திருவிழா வந்தால் தப்படிப்பேன். அந்த வருஷம் மாரியம்மனுக்கு ஆட பாச்சாங் ஊரிலிருந்து வரவேண்டிய கரகக்காரர்கள் வரவில்லை. "நான் ஆடறேன்" என்றாள், எங்களோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருத்தி.

கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆடு. பாதியில நின்னே, அப்புறம் இந்தக் கோயில்ல உனக்கு ஆட்டமே கிடையாது. சம்மதமா?"

"சம்மதங்க."

மத்தியானப் பூசை முடிந்ததும் மழை கொட்டியது. கோயில் களம் சேறு. சனமெல்லாம் மரப்பால் கொட்டகைக்குள் ஓடியது. தப்பை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டியவன் நான்; தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடினேன்! தோல் நனைந்து தொய்ந்துவிட்டது. தீயில் காட்டினால் சரியாகும். ஆனால் கொட்டகைக்குள் நெருப்பு கூடாதென்பது துரை போட்ட சட்டம். அடித்தேன். பொத் என்றது.

"பூசணிக்காயத் தட்டுறான்யா!" சிரிப்பு. எனக்கு உயிரே போயிற்று. நான் செய்த கூத்தில் அவள் ஆட்டமல்லவா போகப்போகிறது!

அவள் கோபிக்கவில்லை. போதும் என்று கையைக் காட்டினாள். மேலே தகரத்தை மழை அறைந்துகொண்டிருந்தது. தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். கேட்டபடியே ஒரு காலை ஊன்றினாள்.

பால் தொட்டிகளுக்கு நடுவே ஒரு பாய் விரிக்கும் இடம், அவ்வளவுதான். "இங்கே என்னத்தடி ஆடுவே, திரும்பக்கூட முடியாதே!" என்றாள் முன்னால் நின்ற பருத்த அக்கா ஒருத்தி. இவளோ திரும்பவே இல்லை. தோளால் ஆடினாள். கழுத்தால், ஒற்றை முழங்கையால் ஆடினாள். பால் சிந்திய தரை வழுக்கியது. வழுக்கின காலை இழுக்காமல் அது போன வழிக்கே உடம்பையும் அனுப்பினாள். ஐயோ, அந்த வளைவு! ஒரு குழந்தை வீறிட்டது. அந்த அழுகை முடியும்வரை அசையாமல் நின்றாள், மூச்சுமட்டும் ஏறி இறங்க, அதுவும் ஆட்டமாகவே இருந்தது. பருத்த அக்கா தன்னை அறியாமல் ஓரடி பின்வாங்கினாள். காலியான இடத்தில் இவள் பாதம் போய் உட்கார்ந்தது. இன்னொருவர் நகர்ந்தார், அங்கேயும் போனாள். நாங்கள் விட விட அவள் எடுத்துக்கொண்டாள். எத்தனையோ கரகம் பார்த்தவன் நான். பார்க்கிறவர்களையே தாளமாக்கிக்கொண்டு ஆடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மழை விட்டது. தகரம் அடங்கியது. அவள் அடங்கவில்லை. யாரும் வெளியே போகவுமில்லை. தானாக நிறுத்தியபோது முதுகெல்லாம் வேர்வை.

கங்காணி தொண்டையைக் கனைத்தார். "மழைதான் விட்டிருச்சே. களத்துல வந்து இதையே ஒரு தடவை ஆடேம்மா."

"இதை அங்க ஆட முடியாதுங்க. அங்க போனா வேற வரும்."

கங்காணி எங்களைப் பார்த்துக் கத்தினார்: "அதையும்தான் பாப்போமே! வழிய விடுங்கப்பா!"

நான் தப்பைக் காய்ச்சத் தீ மூட்ட ஓடினேன்.