கல் வாலா

தாராவியில் தோல் பை தைக்கும் எங்கள் பட்டறையில் கம்ப்யூட்டரைத் தொடுவது இரண்டே பேர். நானும், என் அக்காவின் கணவரான மச்சானும். தொழிலில் இருவருக்கும் பாதிப் பாதி. ஆகவே கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருக்கும் பையின் வெட்டுப் படத்தில் தோள்வாரின் அகலம் மாறிப்போய், ஒரு லாட் தோல் முழுக்கத் தப்பாக வெட்டுப்பட்டபோது நான் வேறு யாரைச் சந்தேகப்படுவது? கேட்டதற்கு, தான் எதையும் கெடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தப் போக்கே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் உல்லாஸ்நகரில் தனிக்கடை போட இடம் பார்க்கிறார் என்று வேறு காதில் விழுந்திருந்தது.

மாற்றங்களைக் காவல் காக்க ரெடிமேட் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அடுத்தவன் எழுதியதை நம்பும் மனநிலையில் நான் இல்லை. நானே எழுத உட்கார்ந்தேன். படத்தை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு நகல் தனியே ஒளிந்துகொள்ளும். உள்ளே இருப்பதை வைத்து அதற்குக் கைரேகை போல ஓர் எண் உருவாகும். ஒரு புள்ளி நகர்ந்தாலும் எண் வேறாகிவிடும். ஒவ்வொரு நகலும் தனக்கு முந்தியதின் எண்ணையும் சுமந்திருக்கும் என்பதால், நடுவில் எதையும் உருவ முடியாது. கடைசியாக, மாற்றியவர் பெயரும் காரணமும் கேட்கும் ஒரு பெட்டி. மச்சானிடம், எல்லாம் பத்திரமாக இருக்கத்தான் என்று சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டினார்.

எலி சிக்கியது. ஒரு சாயங்காலம், நடக்கும் ஆர்டருக்கு நான் போட்ட அளவு போய், வாரின் அகலம் பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. பெயர், மச்சான். காரணம், 'கல் வாலா'. இந்தியில், நேற்று உள்ளது என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்! வேண்டுமென்றே பழையதை ஏற்றுகிறார், ஆர்டரைக் கெடுத்துவிட்டுக் கழன்றுகொள்ளப் பார்க்கிறார் என்று கொதித்துப்போய் அவரைத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "நேத்துள்ளதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? இது நாளைக்குள்ளது மாப்ள. வடாலா பார்ட்டிக்கு வாரு பழைய அளவுலதான் வேணுமாம்."

பம்பாய் இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். பிறந்ததிலிருந்து பேசும் சொல்தான், எனக்கு ஒரு பக்கம் மட்டும் கேட்டிருக்கிறது. மறுநாள் வேலைக்காக அவர் முந்தின சாயங்காலமே அளவை மாற்றி வைப்பார். அது தெரியாமல் நான் காலையில் அதே படத்தை அச்செடுத்து வேறு ஆர்டருக்கு வெட்டக் கொடுப்பேன். தோல் போனது அப்படித்தான். அவர் சொல்லச் சொல்ல எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அவர் காரணப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னயப் பிடிக்கதுக்குத்தான் இத உக்காந்து செஞ்சியா?"

நான் திரையை அணைத்தேன். உல்லாஸ்நகரைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஒரு கோடு நகர வேண்டுமென்றாலும் மச்சான் என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறார், மௌஸைத் தொடுவதில்லை. யார் மாற்றியது என்று பார்க்க நகல்களைத் திறந்தால், மேலிருந்து கீழ்வரை என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.