பத்தர் என்றேன், பத்ரா வந்தது

அறுபதுகளில், மாட்டுங்காவிலிருந்து ஃபோர்ட்டுக்கு ரயிலில் போய்வந்த டிராஃப்ட்ஸ்மேன் நான். பிறர் வரைந்ததை டிரேஸ் எடுப்பதே வேலை. எனக்கென்று வந்த ஒரே காரியம், ஒரு மலைப்பூங்காவில் நடந்து வருபவர்கள் மழைக்கு ஒதுங்க ஆறு நிழற்குடைகள் வரைவது.

மூன்று முறை மலையேறிப் பார்த்தேன். அங்கே கிடக்கும் கருங்கல்லிலேயே சுவர். கூரையும் கல்பலகைதான், மலை சாய்கிற அதே சாய்வில். எந்தக் காற்றும் பிடுங்காது. இரண்டு மழை பெய்து பாசி ஏறிவிட்டால் பக்கத்தில் போனால்தான் கண்ணில் படும். மனிதன் கட்டியது மலையை உறுத்தக்கூடாது என்பது என் பைத்தியம்.

வரைபடத்தில் எல்லாம் ஆங்கிலம். மராத்திக்கார மேஸ்திரிக்கு அது வாசிக்க வராது. ஆபீசுக்கே வந்து, மேலே என்ன போடுவது என்று இந்தியில் கேட்டார்: "ஊப்பர் க்யா டால்னா, சாப்?" கல்லுக்கு இந்தியில் பத்தர். எங்கள் தமிழ் நாக்குக்கோ எந்தச் சொல்லையும் ஓர் உயிரெழுத்தில் இறக்கி வைத்தால்தான் நிம்மதி. கல் போடு என்பதற்கு, "பத்தரா டாலோ" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என் இந்தியை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன், அசடு.

தகரத்துக்கு மராத்தியில் பத்ரா. தாராவியில் கூரை போட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மழைக்காலத்துக்கு முன் எங்கள் ஆபீஸ் அதிகாரியோடு பார்க்கப் போனேன். அவரும் மாட்டுங்காத் தமிழர்தான். பாதி மலை ஏறும்போதே ஆறு கூரையும் வெயிலில் பளபளத்தன. அத்தனையும் தகரம்.

மேஸ்திரி என்னைக் காட்டி, "சாப்னே பத்ரா போலா" என்றார்; சார்தான் தகரம் என்று சொன்னாராம். அவர்மேல் தப்பில்லை. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசியவன் நான்.

"பத்தருன்னுதான் சார் சொன்னேன். மாத்திடலாம் சார்."

"எதுக்கு ஓய்? மழை வரப்போறது. நனையாம ஒக்காந்தாப் போறும்."

அந்த மழையில் இரண்டு கூரைகள் பறந்தன. இனியாவது கல் போடுவார்கள் என்று எனக்கு அற்ப சந்தோஷம். மறுபடியும் தகரமே போட்டு, போல்ட்டை மட்டும் நீளமாக்கினார்கள்.

பிறகு மற்ற மலைகளுக்கும் இதே மாதிரிதான் என்று முடிவாகி, வரைபடம் என் மேஜைக்கே வந்தது. கல் என்றிருந்த இடத்தைப் பிளேடால் சுரண்டிவிட்டுத் தகரம் என்று நானே எழுதினேன். கீழே, வரைந்தவர் பெயருக்கான கட்டத்தில் என் பெயர் இருந்தது. அதையும் சுரண்டிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார்கள்.