நாலாவது மீட்டரும் என் மாமனாரும்

கரண்ட்டில் ஓடும் கார் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. வீட்டில் சார்ஜர் மாட்ட ஈபி ஆபீசுக்கு நான் நடந்த நடைக்கு இமயமலை போய்த் திரும்பியிருக்கலாம்.

இன்று காலை ஒருவழியாக ஈபிகாரர் சுவரைப் பார்க்க வந்தார்.

"சார்ஜருக்குத் தனி மீட்டர் வேணும் சார். வாசல் பக்கமா, மழை படாத எடத்துல இருக்கணும்."

வாசல் சுவரில் ஏற்கெனவே வீட்டு மீட்டர், தறி மீட்டர், மாடிக் குடித்தன மீட்டர் என மும்மூர்த்திகள் குடியிருக்கிறார்கள். மிச்சம் ஒரே இடம். அங்கே முப்பது வருடமாக என் மாமனார் போட்டோவிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

"இந்தப் படத்தை எடுத்துட்டா போதும் சார்."

அரசாங்கமே சொல்லிவிட்டதே என்று ஸ்டூல் எடுக்க ஓடினேன்.

வீட்டம்மா வாசலுக்கு வந்தாள். "எங்கப்பா இங்கதான் இருப்பாரு. பேஜாரா இருந்தா காரைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"பேசி முடிவு பண்ணிகினு சொல்லுங்க சார்" என்று ஈபிகாரர் ஜல்தியாகக் கிளம்பிவிட்டார்.

இப்போது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டுவேட்டியோடு தேவிகாபுரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறேன். சார்ஜ் இல்லாத கார் வாசலில் நிற்கிறது. மாமனார் காவல்.

யார் வீட்டுச் சுவரிலாவது ஒரு மாமனாருக்கு இடம் இருக்கிறதா? சும்மா கேட்டு வைக்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.